தலை வலது, முதுகு மேலே

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். பேராசிரியை யானை இல்லை, ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு. ஆனாலும் மீன் அறையின் ஈரத் தரையில் அவருக்கும் சறுக்கியது. விழுந்தபோது ஊன்றியது இடது கையை. மணிக்கட்டு எலும்பு முறிந்து, விரல் நுனி மட்டும் வெளியே தெரிகிற மாதிரி மாவுக்கட்டுப் போட்டுவிட்டார்கள். மற்றவர்களுக்கு என்றால் "நல்லவேளை, இடது கைதானே" என்று ஆறுதல் சொல்லலாம். இவர் பிறவி இடதுகைக்காரர். பேனா பிடிப்பது முதல் கோபத்தில் மேஜையைத் தட்டுவது வரை எல்லாவற்றுக்கும் அந்தக் கைதான்.

ஓய்வெடுக்கச் சொன்னார்கள். எடுத்தார். அதாவது, வீட்டு அலமாரிகளை ஒற்றைக் கையால் ஒழுங்குபடுத்துகிறேன் பேர்வழி என்று கணவரின் சட்டைகளையெல்லாம் யாரும் தேடாத இடங்களில் கொண்டுபோய் வைத்தார். கணவர் பல் டாக்டர், பொறுமையான மனிதர். அவருக்கே தாங்கவில்லை. "தாயே, நீ போய் உன் மீனையே கட்டிட்டு அழு" என்று கும்பிடு போட்டு, தானே காரில் கொண்டுபோய் ஆய்வகத்தில் இறக்கிவிட்டார்.

மீன் என்றால் சாப்பிடுகிற மீன் இல்லை. சுண்டுவிரல் நீளம்கூட வராத, உடம்பெல்லாம் கோடு போட்ட பொடி மீன்கள். காலையில் விளக்குப் போட்டதும் முட்டையிடும். முட்டையும் கண்ணாடி, உள்ளே வளர்கிற குஞ்சும் கண்ணாடி. கல்லூரியில் படித்தபோது நுண்ணோக்கியில் அப்படி ஒரு முட்டையைப் பார்த்தார் பேராசிரியை. ஒரு செல் இரண்டாயிற்று, இரண்டு நாலாயிற்று. மத்தியானச் சாப்பாட்டை மறந்து பார்த்தவர், முப்பது வருடமாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். கல்யாணம் நடந்தது, மகள் பிறந்தாள், வளர்ந்து கட்டடப் பொறியாளராகித் தனிக்குடித்தனம் போனாள். அம்மா இன்னும் முட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று மகள் கேலி செய்வாள்.

அவர் பேர் வாங்கியது ஒரு நரம்பினால். குஞ்சின் காதருகே புறப்பட்டு, தோலுக்கு அடியிலேயே ஓடி, வால்வரை போய்ச் சேருகிற நரம்பு. தண்ணீரின் அசைவை மீனுக்குச் சொல்வது அதுதான். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. இரண்டும் ஒரே நேரத்தில் புறப்படும். ஆனால் வலப்பக்கத்து நரம்பு எப்போதும் முந்திவிடும். அதைக் கண்டுபிடித்தவர் இவர். 'வலது முதல்' என்று துறையில் அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். "இடதுகைக்காரி வலதுக்கு வக்கீல்" என்று கணவர் சொல்லிச் சிரிப்பார்.

ஒருவர் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. வேறொரு ஊரில் இதே மீனை வைத்து இதே வேலை செய்கிற தாடிக்காரர். "எங்க மீன்ல இடதுதான் முந்துது" என்று பன்னிரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கருத்தரங்கு தோறும் குடுமிப்பிடிச் சண்டை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று அடம்பிடிக்கிற ஆள் என்று பேராசிரியை அவரைப் பற்றிச் சொல்வார். தாடிக்காரரும் இவரைப் பற்றி அதையேதான் சொல்லியிருப்பார். இவர் பக்கம் ஆட்கள் அதிகம். இவரிடம் படித்தவர்கள் ஏழெட்டு இடங்களில் ஆய்வகம் நடத்துகிறார்கள், எல்லாரும் வலது என்றார்கள். தாடிக்காரர் பக்கம் அவரும் அவர் ஆய்வகமும் மட்டும்தான். வருடம் போகப் போக அவர் பேசும்போது அரங்கில் பாதிப்பேர் காபி குடிக்கப் போய்விடுவார்கள்.

இப்போது அந்தத் தாடிக்காரரின் நிறுவனத்தில்தான் ஒரு வேலை காலி. விண்ணப்பித்திருந்தது பேராசிரியையின் ஆய்வகத்தில் ஐந்து வருடமாக இருக்கிற சுருட்டை. தலைமுடியால் வந்த பெயர். அவளும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பாள். பட்டமெல்லாம் முடித்தவள், நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. அவள் கணவன் அந்த ஊர் மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறான். அவன் அங்கே, இவள் இங்கே. குழந்தை அப்பாவுக்கு ஃபோனில்தான் முத்தம் கொடுக்கிறது. இந்த வேலை கிடைத்தால் மூன்று பேரும் ஒரே கூரையின் கீழ் இருக்கலாம். கிடைக்காவிட்டால் இங்கேயும் ஒப்பந்தம் முடிகிறது, அவ்வளவுதான். தேர்வுக் குழுவில் தாடிக்காரரும் இருந்தார்.

சுருட்டையின் கையில் நல்ல சரக்கு இருந்தது. ஒரு மரபணுவைக் கண்டுபிடித்திருந்தாள். அது இல்லாத குஞ்சுகளில் வலது முந்துவதில்லை. இரண்டு நரம்பும் வண்டி மாடுகள் மாதிரி சேர்ந்தே போகும். ஆக, வலதை வலதாக்குவது இந்த மரபணுதான் என்பது அவளுடைய வாதம். நேர்காணலில் காட்ட, சாதாரணக் குஞ்சில் வலது முந்துகிற படம் ஒன்று பளிச்சென்று எடுக்க வேண்டியிருந்தது. அதற்குள் குழந்தைக்குக் காய்ச்சல். சுருட்டை வீட்டில் மாட்டிக்கொண்டாள்.

"நான் எடுத்துத் தரேன், நீ குழந்தையைப் பாரு" என்று ஃபோனில் சொன்னார் பேராசிரியை.

"மேடம், உங்க கை..."

"இன்னொரு கை இருக்குல்ல. அதுக்கும் சம்பளம் கொடுத்துட்டுத்தானே இருக்கேன்."

வேலை இதுதான். வெதுவெதுப்பான ஜெல்லில் குஞ்சைப் போட்டு, அது உறைவதற்குள் ஒரு பக்கமாகப் படுக்கவைக்க வேண்டும். கருவி, குச்சி நுனியில் ஒட்டிய ஒரு கண்ணிமை முடி. அதைவிட மென்மையான கருவி இந்த வேலைக்கு இன்னும் வரவில்லை. பேராசிரியையின் குச்சிகளில் இருப்பதெல்லாம் கணவரின் இமை முடி. மனைவியின் விஞ்ஞானத்துக்கு இமை கொடுத்த பல் டாக்டர் என்று அவருக்கு ஆய்வகத்தில் தனி மரியாதை. படுக்கவைப்பதற்கு ஒரு சட்டம் உண்டு. 'தலை வலது, முதுகு மேலே' என்று பேராசிரியையே எழுதி நுண்ணோக்கிக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தார். படத்தில் பார்த்தால் மீனின் தலை வலப்பக்கம், முதுகு மேல்புறம். எல்லாப் படமும் ஒரே மாதிரி இருந்தால்தானே ஒப்பிட முடியும்? அவரிடம் படித்தவர்கள் எங்கே போனாலும் அந்தச் சட்டத்தையும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

பழகாத வலது கையில் குச்சியைப் பிடித்து, மாவுக்கட்டை மேஜை ஓரத்தில் சாய்த்துக்கொண்டு ஆரம்பித்தார். முதல் குஞ்சு உருண்டது. அடுத்ததன் மேல் குச்சியே விழுந்தது. தன்னைத் தானே திட்டிக்கொண்டார். பிறகு ஒருவழியாக வாகு பிடிபட்டது. வலது கைக்கு எது சுலபமோ அப்படித் தள்ள, குஞ்சுகளின் தலை இடப்பக்கம் போய் நின்றது. இன்றைக்கு இப்படியே இருக்கட்டும், படத்தைப் பிறகு திருப்பிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

மாலையில் வந்து பார்த்தால், இடது நரம்பு முந்தியிருந்தது.

ஒரு குஞ்சில் இல்லை, அத்தனையிலும். வலது நரம்பு பின்னால் எங்கேயோ ஊர்ந்துகொண்டிருந்தது. படம்தான் கண்ணாடியில் பார்த்த மாதிரி இடவலம் மாறிவிட்டது என்று முதலில் நினைத்தார். இந்தத் துறையில் எல்லாரும் ஒரு தடவையாவது செய்கிற அசட்டுத்தனம் அது. ஒரு குஞ்சை ஜெல்லிலிருந்து விடுவித்து, நிமிர்த்திப் பார்த்தார். இதயம் இடப்பக்கம் தள்ளித் துடித்துக்கொண்டிருந்தது. படம் சரி. மீனும் சரி.

மறுநாள் பாதிக் குஞ்சுகளைத் தலை வலதாகவும், பாதியைத் தலை இடதாகவும் படுக்கவைத்தார். மாலைக்குள் சந்தேகம் தீர்ந்தது. மேலே இருக்கிற பக்கம் எதுவோ, அந்த நரம்பு முந்துகிறது. அவ்வளவுதான் விஷயம். மேல் பக்கத்துக்கு, ஜெல்லின் மேல் ஊற்றிய தண்ணீரிலிருந்து காற்று கிடைக்கிறது. கீழ்ப் பக்கம் ஜெல்லுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மூச்சுத் திணறிக்கொண்டு கிடக்கிறது. இடது கைக்காரியின் கைக்குச் சுலபம் தலை வலது. தலை வலது என்றால் மேலே வருவது வலப்பக்கம். தாடிக்காரர் வலது கைக்காரர், அவர் மீனுக்குத் தலை இடது. பன்னிரண்டு வருடமாக இரண்டு பேரும் மீனைப் பற்றிச் சண்டை போடவில்லை, தங்கள் தங்கள் கையைப் பற்றிச் சண்டை போட்டிருக்கிறார்கள்!

நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். எத்தனை கட்டுரை, எத்தனை பேருடைய பட்டம், பாடப் புத்தகத்தில்கூட ஒரு படம். மானம் போச்சு என்று நினைத்தார். சற்று நேரம் கழித்து, நரம்பின் முனைக்குக் காற்று எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரிகிறது என்ற கேள்வி மனதில் வந்தது. முனையில் மூக்கா இருக்கிறது? அதை யாருமே கேட்டதில்லையே? கல்லூரிப் பெண்ணைப் போல உடம்பு சிலிர்த்தது. மானம் போன அன்றைக்கு இத்தனை சந்தோஷமாக இருக்கலாமா என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

வீட்டில் கணவர் தட்டில் இருந்ததைச் சிறு துண்டுகளாக நறுக்கிக் கொடுத்துக்கொண்டே மனைவி சொன்னதையெல்லாம் கேட்டார். பாதியில் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"இடதுகைக்காரன் பல் டாக்டருக்குப் படிக்க வந்தா நாற்காலியையே திருப்பிப் போடுவாங்க. உங்க ஆளுங்க இதைக்கூட யோசிக்கலையா?"

"யோசிக்கலையே! எல்லாரும் என்கிட்டக் கத்துக்கிட்டவங்க. அத்தனை பேர்கிட்டயும் என் கைதான் இருக்கு."

"சரி, அந்தப் பொண்ணுகிட்ட என்ன சொல்லப் போற?"

அதுதான் கேள்வி.

"நேர்காணல் முடியட்டுமே" என்றார் கணவர். "வேலை கையில வந்தப்புறம் சொல்லு. ஒரு வாரத்துல மீன் என்ன ஓடியா போயிடும்?"

"அது முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிற வேலை."

"குழந்தை அப்பாவோட இருக்கணும்னா கொஞ்சம் சோறு அதிகமா வடிச்சாத்தான் என்ன?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் சங்கடம். பேராசிரியை படுத்துப் புரண்டார். சொன்னால் அவள் வாழ்க்கையில் மண். சொல்லாவிட்டால் அவள் நம்பி மேடையில் சொல்லப்போவது, தனக்குப் பொய் என்று தெரிந்த ஒன்று. என்றைக்காவது உண்மை வெளியே வந்தால் தாடிக்காரர் அவளைச் சும்மா விடுவாரா? இதெல்லாம் நல்ல காரணங்கள்தான். நிஜக் காரணம், எதையும் வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாத பிறவி அவர்.

காலையில் நேரே சுருட்டையின் வீட்டுக்குப் போனார். மூன்றாம் மாடி, இரண்டே அறை. காய்ச்சல் விட்ட குழந்தை சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தது. கொடியில் குட்டி கவுன்கள். சமையல் மேடையில் மடிக்கணினி, அதில் நேர்காணலுக்கான படங்கள். பேராசிரியை சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்.

சுருட்டையின் முகத்தில் ஈயாடவில்லை. அடுப்பை அணைத்தாள்.

"ஒரு வாரம் கழிச்சுச் சொல்லியிருக்கக் கூடாதா மேடம்?"

"என் வீட்டுக்காரரும் அதான் சொன்னார்."

"அவர் நல்லவர்."

"நல்லவர்தான்."

"உங்களுக்கென்ன மேடம், நீங்க எல்லாம் பார்த்தாச்சு. பேர் இருக்கு, வீடு இருக்கு. தப்புன்னு சொன்னாக்கூட எவ்வளவு நேர்மைன்னு கைதட்டுவாங்க. நான் போய் தப்புன்னு சொன்னா வெளிய போன்னு சொல்லுவாங்க." குரல் உயர்ந்தது. குழந்தை புரண்டு படுத்தது. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நீங்க கிளம்புங்க மேடம். எனக்கு இப்ப உங்க முகத்தைப் பார்க்க முடியல."

பேராசிரியை படி இறங்கினார். அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் சரி. முப்பது வருடத்தில் ஒரு மாணவியும் அவரை வீட்டை விட்டுப் போகச் சொன்னதில்லை.

மத்தியானம் சுருட்டை ஆய்வகத்துக்கு வந்தாள், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு. குழந்தையைப் பேராசிரியையின் மடியில் இறக்கினாள். தான் கண்டுபிடித்த மரபணு இல்லாத குஞ்சுகளை எடுத்து, பாதியை இப்படியும் பாதியை அப்படியும் படுக்கவைத்தாள். குழந்தை மாவுக்கட்டின் மேல் பேனாவால் பூனை வரைந்தது. மாலையில் இரண்டு பேரும் திரையைப் பார்த்தார்கள். எப்படிப் படுக்கவைத்தாலும் அந்தக் குஞ்சுகளில் இரண்டு நரம்பும் சேர்ந்தே போயின.

"மேலயும் தெரியல, கீழயும் தெரியல இதுக்கு" என்றாள் சுருட்டை, மெதுவாக. "மேடம், அப்படின்னா என் மரபணு வலது இடது பத்தினது இல்ல. காத்து எங்கன்னு நரம்புக்குச் சொல்றதே அதுதானா?"

பேராசிரியை குழந்தையைக் கட்டிக்கொண்டார்.

விஷயம் பெரிதுதான். ஆனால் அதற்கு இருந்தது ஒரே ஒரு நாள் ஆதாரம். பழைய கதைக்கு ஐந்து வருட ஆதாரம், அழகழகான படங்கள். எதைச் சொல்லப்போகிறாய் என்று பேராசிரியை கேட்கவில்லை. புதியதைத்தான் என்று அவராகவே எடுத்துக்கொண்டார்.

நேர்காணலில் பேச்சை மட்டும் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். குழந்தையைப் பல் டாக்டரிடம் விட்டுவிட்டு, பேராசிரியை கையைத் தூளியில் தொங்கவிட்டபடி ரயிலேறிச் சுருட்டையோடு போய், அரங்கின் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். தாடிக்காரர் முன்வரிசை. தாடி முழுக்க நரைத்திருந்தது. 'வலது முதல்' கும்பலிலிருந்து ஒருத்தி வருகிறாள், சண்டை மூளும் என்று நினைத்தோ என்னவோ, அவர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

சுருட்டை மேடை ஏறிச் சற்று நேரம் கணினியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நிமிர்ந்தாள். "எல்லாரும் ஒரு தாள் எடுத்து ஒரு மீன் வரைங்க" என்றாள். சிரித்துக்கொண்டே வரைந்தார்கள். "தூக்கிக் காட்டுங்க." அரங்கு முழுக்க மீன்கள், கிட்டத்தட்ட எல்லாம் இடப்பக்கம் தலை வைத்த மீன்கள். "வலதுகைக்காரங்க வரைஞ்சா பெரும்பாலும் இப்படித்தான் வரும். எங்க மேடம் வரைஞ்சிருந்தா தலை அந்தப் பக்கம் இருக்கும். இந்தச் சின்ன விஷயத்துல நாங்க எல்லாரும் பன்னெண்டு வருஷம் ஏமாந்துட்டோம்" என்று ஆரம்பித்தாள். காபி குடிக்க ஒருவரும் எழுந்து போகவில்லை.

முடிந்ததும் தாடிக்காரர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஜெல் எவ்வளவு தடிமன்?" பதிலைக் குறித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அதற்குமேல் அந்த முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை. குழுவின் தனிக் கேள்விகள் முடிந்து சுருட்டை வெளியே வந்தபோது, "கிடைக்குமான்னு தெரியல மேடம்" என்றாள்.

சுருட்டையின் கணவனுக்கு மருத்துவமனையில் பகல் வேலை, வர முடியவில்லை. ரயில் தாமதம். நடைமேடை பெஞ்சில் ஆளுக்கொரு டீயோடு உட்கார்ந்தார்கள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். ரெண்டு பேச்சையும் கொண்டுபோயிருந்தேன், பழசையும் புதுசையும். மேல ஏறி நிக்கிற வரைக்கும் முடிவு பண்ணல."

"அப்புறம்?"

"பழசைத்தான் திறக்கப் போனேன் மேடம். என் பொண்ணு முகம்தான் கண்ணுல நின்னுச்சு. அப்பத்தான் அவர் தனியா உட்கார்ந்திருக்கிறதைப் பார்த்தேன். பாவம், அந்த மனுஷன் அவர் மீனைச் சரியாத்தானே பார்த்திருக்கார்? பொய் சொல்றார்னு நாம எல்லாரும் சேர்ந்து ஒதுக்கி வச்சுட்டோம். நீங்க பார்த்தது சரின்னு ஒருத்தராவது அவர்கிட்டச் சொல்லணும்ல?"

பேராசிரியைக்குச் சுருக்கென்றது. இந்த ஒரு வாரத்தில் தன்னைப் பற்றி நினைத்தார், மாணவர்களைப் பற்றி நினைத்தார், சுருட்டையையும் குழந்தையையும் நினைத்து உருகினார். அந்த மனிதரைப் பற்றி ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை. கூசிப்போனார். டீயைப் பெஞ்சில் வைத்துவிட்டு, வலது கையால் தட்டுத்தடுமாறி எண்ணைத் தேடி ஃபோன் போட்டார்.

"வேலை பத்தின்னா பேசக் கூடாது" என்றார் தாடிக்காரர், எடுத்த எடுப்பிலேயே.

"வேலை பத்தி இல்ல. நீங்க பார்த்தது சரி. முதல் நாள்லேர்ந்தே சரி. நான்தான் கேக்கல. மன்னிச்சுக்கங்க."

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று பேராசிரியை ஃபோனைத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றது குரல். "என் ஆளுங்க எல்லாம் இங்கதான் இருக்காங்க. ஸ்பீக்கர்ல போடறேன்."

பேராசிரியை எழுந்து நின்று, நடைமேடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு உரக்க, இன்னொரு தடவை சொன்னார். அந்தப் பக்கம் யாரோ கைதட்டினார்கள். யாரோ அதட்டி அடக்கினார்கள். தாடிக்காரர் நீளமாக மூக்கைச் சிந்தினார்.

"முடிவை நாளைக்குத்தான் சொல்லணும், அதுதான் முறை" என்றார் பிறகு. "அதனால நான் ஒண்ணும் சொல்லல. ஆனா அந்தப் பொண்ணு வீடு பார்க்கிறதா இருந்தா, மூணு பேருக்குப் போதுற மாதிரி பார்க்கச் சொல்லுங்க."

சுருட்டை பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். டீக் கோப்பையைப் பிடித்தபடியே அழ ஆரம்பித்தாள். பேராசிரியை ஒற்றைக் கையால் அவளை அணைத்துக்கொண்டார். அவருக்கும் கண் நிறைந்துவிட்டது. ரயில் வருகிறது என்று அறிவித்தார்கள்.

"முதல்ல உன் வீட்டுக்காரனுக்குச் சொல்லு" என்றார். "ரயிலை நான் பார்த்துக்கறேன்."